இருபத்து மூன்றாம் சுருள்

நல்லகாமன் கயிறு வாங்க வந்தால் கடையில் ஒரு மணி நேரம் போய்விடும். 1974 மார்ச்சில் முதல் முறை வந்தபோது ஐம்பது நிமிடம் ஆயிற்று. 1976இல் ஒரு மணி பத்து நிமிடம். இரண்டையும் நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். சுருளைத் தரையில் இறக்கச் சொல்வார். குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு முழத்துக்கு ஓர் இடமாகக் கயிற்றின் புரிகளைக் கட்டைவிரலால் பிளப்பார். உள்ளே தெரியும் நாரை முகர்வார். நகத்தால் சுரண்டி, விரல் நுனியில் ஒட்டும் தூளை வாசல் வெளிச்சத்தில் பார்ப்பார். பிறகு ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை இழுத்துக் காதோரம் வைத்துக் கேட்பார். அப்படி என்ன கேட்கிறது என்று ஒரு நாள் விசாரித்தேன்.

"ஒண்ணும் கேக்கக் கூடாதுண்ணே. கேட்டா வாங்கக் கூடாது" என்றார்.

நானும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். நான் பிறந்தது 1931. அவருக்குத் தாம் பிறந்த வருஷம் தெரியாது. எங்களில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை.

அவருடைய ஊர் வாடிப்பட்டிக்கு மேற்கே இரண்டு மைல். மூன்று ஏக்கர் நிலம், ஒரு ஜோடி மாடு, மனைவி மாயக்காள். விவசாயம்தான் பிழைப்பு. ஆனால் சுற்றுவட்டத்தில் எந்தக் கிணற்றில் எது விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிட வருவார்கள். அந்தப் பக்கத்துக் கிணறுகள் ஐம்பது அறுபது அடி ஆழம், பாறையை உடைத்து இறக்கியவை. பாதிக்கு மேல் படி இருக்காது. வாளி, ஆட்டுக்குட்டி, கழன்று விழுந்த பம்பு சாமான் என்று எதுவானாலும் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறங்குவார். மேலே கயிற்றைப் பிடிப்பது அவருடைய மச்சினன் பேச்சிமுத்துவும் வேறு மூன்று பேரும். ஒரு முறை குதித்துவிட்ட ஒரு பெண்ணை உயிரோடு மேலே கொண்டுவந்தார். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று நான் இரண்டு தடவை கேட்டும் சொல்லவில்லை. இதற்கெல்லாம் கூலி வாங்க மாட்டார். மேலே வந்ததும் ஒரு செம்பு மோர், அவ்வளவுதான். கயிறு மட்டும் தம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பார். பிறத்தியார் கயிற்றில் இறங்கியதே இல்லை. பேச்சுவாக்கில் அவர் சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தால், 1978 நவம்பர் வரை நாற்பத்தொரு முறை கிணற்றில் இறங்கியிருக்கிறார்.

எங்கள் கடை மதுரைக் காளவாசலில் இருந்தது. முதலாளி ராயப்பன். கயிறு, தார்ப்பாய், கித்தான் பை, டார்ச் லைட், அரிக்கேன் விளக்கு, மழைக்கோட்டு, கூடாரம், பட்டாளத்தில் கழித்துவிட்ட தண்ணீர்க் குடுவை என்று வெயிலிலும் மழையிலும் வெளியே அலைகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் விற்றோம். ஆடி அமாவாசைக்கு மலையேறுகிறவர்கள், காட்டிலாகாக்காரர்கள், லைன்மேன்கள், சாரணர் முகாம் நடத்தும் வாத்தியார்கள் எல்லாரும் வருவார்கள். நான் 1959 முதல் அங்கே கணக்கர். வரவேட்டில் ஒவ்வொரு சுருளுக்கும் வருஷத்துக்கு வருஷம் ஒன்றிலிருந்து தொடங்கும் எண், வந்த தேதி, வைத்த பரண், எடுத்த தேதி எழுதியிருக்கும். அதோடு, முதலாளி கேட்காமலே நானாக ஒரு குறை நோட்டும் வைத்திருந்தேன். சாமான் சரியில்லை என்று திரும்பி வருகிறவர் பேர், குறை, காரணம், மூன்றையும் எழுதுவேன். பெரும்பாலும் குறை வாங்கியவரிடமே இருக்கும். டார்ச் எரியவில்லை என்று சண்டைக்கு வந்தவர் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருப்பார். கூடாரம் ஒழுகுகிறது என்பவர், மழை பெய்யும்போது உள்ளிருந்து துணியை விரலால் தடவிப் பார்த்திருப்பார். தடவிய இடத்தில்தான் ஒழுகும். நோட்டில் காரணத்தைக் காட்டினால் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த நோட்டினால் எனக்குக் கடைத்தெருவில் ஒரு மதிப்பு இருந்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது.

ஏட்டில் ஏறாத விஷயம் ஒன்றே ஒன்று. கோயில் காரியத்துக்கு இரவல் கொடுப்பது. ராயப்பன் கிறிஸ்தவர், நானும்தான். ஆனால் அவருக்கு மாதா கோயில் சப்பரமும் ஒன்று, அழகர் ஆற்றில் இறங்கும்போது போடும் தண்ணீர்ப் பந்தலும் ஒன்று. யார் வந்து கேட்டாலும் கயிறும் தார்ப்பாயும் கொடுத்து அனுப்புவார். அதை எழுதக் கூடாது என்பது அவர் தகப்பனார் காலத்து வழக்கம். "கோயிலுக்குக் கொடுத்ததை ஏட்டுல ஏத்துனா அது வாடகைக்கு விட்ட மாதிரி ஆயிரும்யா" என்பார். திரும்பி வந்த சாமான் பழைய இடத்துக்குப் போய்விடும். ஏட்டைப் பொறுத்தவரை அது இடத்தை விட்டு அசையவே இல்லை. இந்த வழக்கம் எனக்கு உறுத்தியது உண்டு. முதலாளி பேச்சை மீறுவானேன் என்று விட்டுவிட்டேன்.

1978 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை, மாதா பிறந்தநாள். சப்பரம் இழுக்க இருபத்து மூன்றாம் எண் மணிலாக் கயிற்றுச் சுருளை வெட்டாமல் முழுசாகக் கொடுத்தோம். அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பிடித்த மழை ஏழு மணிவரை பெய்தது. கயிறு பத்து நாள் கழித்து ஒரு சாக்கில் திணித்து வந்தது. அவிழ்த்தபோது புழுங்கிய வாடை அடித்தது. கடையில் சுமை தூக்கும் காளை என்பவர் அதை இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டுப் பரணில் ஏற்றினார். மேல்பக்கம் நன்றாகக் காய்ந்து பளிச்சென்று இருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏட்டைத் திறக்கவில்லை.

நவம்பர் 15, புதன்கிழமை நல்லகாமன் வந்தார். அவருடைய பழைய கயிறு தேய்ந்துவிட்டது. கடையில் கூட்டம். மிஷன் பள்ளி ஆசிரியை பிலோமினாள், மாணவிகளின் முகாமுக்குக் கூடாரமும் கயிறும் பார்க்க வந்திருந்தார். காளை எடுத்துப் போட்டது இருபத்து மூன்றாம் சுருள். நல்லகாமன் வழக்கம்போலப் பிளந்தார், முகர்ந்தார், இழுத்துக் கேட்டார். மறுபடியும் முகர்ந்தார்.

"அண்ணே, இது தண்ணி பாத்த கயிறு" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பிலோமினாள் டீச்சர் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கடையில் நனைந்த சரக்கு விற்றதே கிடையாது என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் ஏட்டை எடுத்து விரித்தேன். "எண் இருபத்து மூன்று. வரவு 1978 ஜூன் ஆறு. மேல் பரண். எடுப்பு இல்லை" என்று வாய்விட்டுப் படித்தேன்.

அந்த வரியில் விரலை வைத்தபோதே எனக்கு சப்பரம் ஞாபகம் வந்துவிட்டது. சாக்கை அவிழ்த்ததும் வாடை அடித்ததும் ஞாபகம் வந்தன. படிப்பதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மறந்துபோய்ப் படித்தேன் என்று பிற்பாடு பல ஆண்டுகள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது பொய். "எடுப்பு இல்லை" என்ற இரண்டு சொல்லையும் நான் தெரிந்துதான் படித்தேன்.

நல்லகாமனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏட்டையும் என் முகத்தையும் பார்த்தார். கயிற்றில் வைத்த கட்டைவிரலை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"எழுத்துல இருந்தாச் சரிதாண்ணே. இன்னைக்கு நம்ம கைதான் சரியில்ல போல" என்றார்.

எழுபது அடி வெட்டிக் கொடுத்தோம். பிலோமினாள் டீச்சர், இவ்வளவு ஒழுங்காக எழுதி வைக்கிற கடையைத் தாம் பார்த்ததில்லை என்றார். அன்றைக்கு அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

டிசம்பர் 9, சனிக்கிழமை காலை, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு வெள்ளாடு விழுந்துவிட்டது. நல்லகாமன் இறங்கி ஆட்டைக் கட்டி முதலில் மேலே அனுப்பினார். பிறகு அவரைத் தூக்கினார்கள். கிணற்று விளிம்பில் கல் கயிற்றை அறுக்காமல் இருக்கச் சாக்கை மடித்து வைப்பது வழக்கம். அதை இறங்குமுன் அவரே தம் கையால் வைப்பார், பிறரை விட மாட்டார். பாதி தூரம் மேலே வந்தபோது கயிறு அறுந்தது. பதினெட்டு அடி கீழே, தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த பாறையில் விழுந்தார். இடது தொடை எலும்பு முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எழுபத்து மூன்று நாள் கிடந்தார். உயிர் பிழைத்தது. கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது 1979 மே 14, திங்கட்கிழமை. அன்று அவர் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு பேச்சிமுத்துவோடு கடைக்கு வந்தார். மடியில் அறுந்த கயிற்றுத் துண்டு இருந்தது. குறை சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வந்தது அதற்கல்ல.

"எங்க தப்பு பண்ணேன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே. சாக்கைச் சரியா வச்ச மாதிரிதான் இருக்கு. ஊருல வைக்கலங்கிறாய்ங்க. வீட்டுலயும் அதைத்தான் சொல்றா. எனக்கே இப்பக் கொழப்பமா இருக்கு."

பேச்சிமுத்து இடையில் புகுந்து, "மாமாவுக்கு ஆட்டு மேலதான் கண்ணு. சாக்கு எந்தப் பக்கம் கெடந்துச்சோ" என்று சிரித்தான். நல்லகாமனும் கூடச் சிரித்தார்.

நான் துண்டை வாங்கிப் புரியைப் பிரித்தேன். உள்ளே நார் சாம்பல் நிறத்தில் இருந்தது. நசுக்கினால் மாவு மாதிரி உதிர்ந்தது. கல்லில் உரசி அறுந்த கயிறு அப்படி இருக்காது; உள்ளே ஈரம் தங்கி மக்கிய கயிறுதான் அப்படி இருக்கும். ராயப்பன் எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். நான் குறை நோட்டை எடுத்து, பெயர், தேதி, குறை எழுதி, காரணம் என்ற இடத்தில் "கல் உராய்வு" என்று எழுதினேன். அதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப சாக்குதான்" என்றார்.

ராயப்பன் உள்ளிருந்து காளையிடம் ஒரு புதுக் கயிறு கொடுத்து அனுப்பினார். தப்பு என்னுது, உங்க கயிறு எதுக்கு என்று நல்லகாமன் வாங்க மறுத்துவிட்டார்.

அந்த வாரமே கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, இதை எனக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை, அந்த மனிதரிடம் போய்ச் சொல் என்றார். மூன்று மாதத்தில் அந்தச் சாமியார் வேறு பங்குக்கு மாறிப் போனார். அடுத்து வந்தவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

நல்லகாமன் அதற்குப் பிறகு கிணற்றில் இறங்கவில்லை. கால் காரணமென்று ஊர் நினைத்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டும் அவர் இறங்கியிருப்பார். தம் கையைத்தான் நம்ப முடியவில்லை. பேச்சிமுத்து இறங்க ஆரம்பித்தான். யாருக்காவது கயிறு வேண்டுமென்றால் நல்லகாமன் கூட வருவார். சுருளை இறக்கியதும் வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் குனியக்கூட மாட்டார். "பொஸ்தகத்தைப் பாருங்கண்ணே" என்று என்னிடம் சொல்வார். நான் எண்ணும் தேதியும் படிப்பேன். "இந்தக் கடைல எல்லாம் எழுத்துல இருக்கும்டா. நம்ம கை பொய் சொல்லும், எழுத்து சொல்லாது" என்று வந்தவர்களுக்குச் சொல்வார். 1979 முதல் 1984 வரை அப்படி அவர் கூட்டிவந்தவர்கள் பதினேழு பேர். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து, ஏட்டைப் படிக்கச் சொல்லிக் கயிறு வாங்கினார்கள். ராயப்பன் அதைப் பார்த்து மகிழ்ந்தார். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்க்காமல் நான் குனிந்து ஏதாவது கணக்குக் கூட்டிக்கொண்டிருப்பேன். கோயில் இரவல் அப்போதும் எழுதப்படவில்லை. நான் செய்ததெல்லாம் அப்படிப் போய்வந்த கயிறுகளைக் காளையிடம் சொல்லித் தனியாகப் பின்கட்டில் வைக்கச் சொன்னதுதான். அதுகூட எப்போதும் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்த நாட்கள் உண்டு.

1984 ஜூலை 19, வியாழக்கிழமை. பேச்சிமுத்துவுக்குப் புதுக் கயிறு வேண்டியிருந்தது. மறுநாளே ஒரு கிணற்றில் தூர் வாருவதற்கு முன் இறங்கிப் பார்க்க வேண்டுமாம். நல்லகாமன் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு அரிசி மூட்டையை இறக்குவது மாதிரி மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். காளை சுருளை அவர் காலடியில் போட்டார். பழக்கம் போகுமா, பேசிக்கொண்டே இருந்தவரின் கை தானாக இறங்கிப் புரியைப் பிளந்தது. கட்டைவிரல் அங்கேயே நின்றது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். உடனே கையை இழுத்துத் தொடையில் துடைத்தார். என்னைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தார்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது. பொஸ்தகத்தைப் பாருங்கண்ணே."

ஏடு என் முன்னால் விரித்தே இருந்தது. எண் நாற்பத்தொன்று. மேல் பரண். எடுப்பு இல்லை. அந்தச் சுருள் எங்கேயாவது போய்வந்ததா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஜூன் மாதம் நான் ஒன்பது நாள் வரவில்லை. பேச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எழுபது அடி அளக்கச் சொன்னான்.

நான் ஏட்டை மூடினேன்.

"அளக்க வேண்டாம். உங்க கை என்ன சொல்லுது, அதைச் சொல்லுங்க" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். செப்டம்பர் 8, மழை, சாக்கு, பத்து நாள். கோயிலுக்குக் கொடுத்தால் எழுதுவதில்லை என்ற வழக்கம். அறுந்த துண்டின் உள்ளே நான் பார்த்த நிறம். நோட்டில் எழுதியது. தேதிகளைச் சொல்வதில் மட்டும் எனக்குத் தடுமாற்றமே வரவில்லை. அது எனக்கே அருவருப்பாக இருந்தது. ராயப்பன் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

நல்லகாமன் தம் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அன்னைக்கு வாசிக்கும்போதே தெரியுமா?"

"தெரியும்."

பேச்சிமுத்து என் சட்டையைப் பிடிக்க வந்தான். நல்லகாமன் கம்பைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். அவன் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டான். ஆஸ்பத்திரிக்கு நாள் தவறாமல் சோறு சுமந்தவன் அவன்தான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. நல்லகாமன் ஸ்டூலிலிருந்து கஷ்டப்பட்டுத் தரையில் இறங்கி, மடக்க முடியாத இடது காலை நீட்டி உட்கார்ந்தார். நாற்பத்தொன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறு சுருள் கேட்டார். அதைப் பிளந்தார். அதுவும் வேண்டாமென்று இன்னொன்று கேட்டார். மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டார். ஒரு மணி இருபது நிமிடம். போகும்போது, "ஞாயித்துக்கிழமை ஊருக்கு வாங்க. மாயக்கா கிட்டச் சொல்லணும்" என்றார்.

ஜூலை 22, காலைப் பூசை முடிந்து பஸ் ஏறினேன். நல்லகாமன் வீட்டு வாசலில் பேச்சிமுத்துவும் அன்று கயிறு பிடித்த மூன்று பேரும் இருந்தார்கள். அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார் போலும். மாயக்காள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் சொல்லி முடித்தேன். மூன்று பேரில் ஒருவர், சாக்கு வைத்ததைத் தாம் பார்த்ததாகவும் அப்போது சொல்லத் தோன்றவில்லை என்றும் முணுமுணுத்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

மாயக்காள் என்னை ஏசவில்லை. ஏசுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

"அஞ்சாறு வருசமா இந்த மனுசன் சோத்துல கை வைக்கும்போதெல்லாம், ஒரு சாக்கை ஒழுங்காப் போடத் தெரியலையேன்னு சொல்லியிருக்கேன். ஒரு நா விடல. நீங்க சொன்னதை இன்னைக்குத் திருப்பிக்கிட்டீங்க. நான் சொன்னதை எங்கிட்டுப் போய்த் திருப்ப?" என்றார்.

அவரையும் என் குற்றத்தில் இழுத்துவிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. முறத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

கிளம்பினேன். நல்லகாமன் கம்பை எடுத்துக்கொண்டு கூடவே எழுந்தார். வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. பஸ் நிற்கும் இடம் இரண்டு பர்லாங்கு. நான் தனியாக நடந்தால் ஐந்து நிமிடம். அவர் பக்கத்தில் நடக்க வேண்டுமானால் அவர் கால் வைத்த பிறகுதான் நான் கால் வைக்க முடியும். கம்பு ஊன்றும் சத்தம், நல்ல கால், பிறகு குட்டைக் கால் மண்ணில் இழுபடும் சத்தம். முன்னால் போகவும் முடியாமல், பின்தங்கவும் முடியாமல், வெயிலில் அந்த வேகத்திலேயே நடந்தேன். வழியில் எதிர்ப்பட்ட ஒருவர் எங்கே இந்த வெயிலில் என்று கேட்டார். "மதுரைக் கடைக்காரரு. பஸ் ஏத்திவிட வாரேன்" என்றார் நல்லகாமன்.

பஸ் வந்தது. நான் ஏறியதும் கண்டக்டரிடம், "காளவாசல்ல எறக்கிவிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் எட்டு அடி நடந்திருப்பார், அவ்வளவுதான்.